டாக்டர் கேக்கச் சொன்னது

இங்கன உக்காருங்க அண்ணாச்சி. அந்தப் பெஞ்சு ஒரு பக்கமா ஆடும். போன தடவையே சொல்லிட்டுப் போனேன், இன்னும் சரி பண்ணல. இங்கன உக்காந்தா காத்தும் வரும், டாக்டர் ரூம் கதவும் தெரியும். முதல் தடவையா வந்திருக்கீங்களோ? பாத்தாலே தெரியுது. ஃபைல நெஞ்சோட சேத்துப் பிடிச்சிருக்கீங்கல்ல, அதான். நானும் அப்பிடித்தான் பிடிச்சிருந்தேன். மடியில வச்சுக்கோங்க, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க.

உள்ள இருக்கிறது எம்மக. அன்னலட்சுமி. காலேஜ்ல அனுன்னு கூப்பிடுறாங்களாம், பத்தொம்பது வயசு. அந்தா ஜன்னலப் பாத்து நிக்கிறது உங்க பையனா? நல்ல உயரம். என்ன படிக்கிறான்? டிப்ளமாவா, சரி. அவன அங்கனயே நிக்க விடுங்க. நான் வந்ததுலருந்து அவனையும் ஒரு கண்ணுல பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பழக்கம், என்ன செய்ய.

உங்களுக்கு எந்த ஊரு? திண்டுக்கல்லா, சரி. எனக்குச் சிவகாசிக்கு அங்கிட்டு. பயர் ஆபீஸ்ல போர்மேன். பட்டாசு ஆலையத்தான் எங்க பக்கம் பயர் ஆபீஸுன்னு சொல்றது. மருந்து கலக்குற ரூம், குழாய்ல மருந்து அடைக்கிற ரூம், காயப் போடுற மேடை, எல்லாம் என் பொறுப்பு. என் கைக்குக் கீழ ஒரு ஆளுக்கு ஒரு கொப்புளம் வந்ததில்ல. பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்குத்தான் சொல்றேன், இருந்துட்டுப் போகட்டும்.

அதனால முதல் நாளு இந்த ரூபி டாக்டர், ‘உங்க பொண்ணுக்கு ரிஸ்க் இருக்கு’ன்னு சொன்னதும் எனக்கு ஒரு நிம்மதி. அப்பிடிப் பாக்காதீங்க. அதுவரைக்கும் ஆளாளுக்கு என்னென்னமோ சொன்னாங்க. செய்வினைன்னாங்க. காதல் தோல்வின்னாங்க. போனப் பாத்துப் பாத்து மூளை சூடாயிருச்சுன்னு என் மச்சினன் சொன்னான். டிப்ரஷன்னு ஒரு டாக்டர் சொன்னாரு, அதுவும் பிடிபடல. ரிஸ்க்குன்னா எனக்குப் பிடிபடும். அதுல சோறு திங்கிறவன் நான். ‘ரிஸ்க்குதானே டாக்டர், அத நான் பாத்துக்கிறேன்’னேன். அவங்க என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. ஆலையச் சோதிக்கப் புதுசா வர்ற இன்ஸ்பெக்டரும் முதல்ல அப்பிடித்தான் பாப்பாரு. போகப்போகத் தெரிஞ்சுக்குவாரு.

என்ன நடந்துச்சுன்னு கேக்குறீங்களா? கேக்கல. சரி, நானே சொல்றேன்.

புரட்டாசி மாசம். எங்களுக்கு அது தீபாவளிச் சரக்கு போற நேரம், தலையச் சொறிய நேரமிருக்காது. இவ விருதுநகர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறா, ரெண்டாம் வருசம். லீவுக்குன்னு வந்தவ திரும்பப் போகல. படுத்தே கிடந்தா. தலை சீவல. தட்டுல வச்ச சோறு அப்பிடியே காஞ்சு கிடக்கும். என்னம்மான்னா ‘ஒண்ணுமில்லப்பா’ம்பா. ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லதானே, நான் பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டேன். ஒரு நாள் மத்தியானம் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு விட்டாங்க. வாட்ச்மேன்தான் சொன்னாரு. ‘உங்க வீட்டுல ஒரு சத்தமாம். உடனே போங்க’ன்னாரு.

சத்தம்னா உங்களுக்குப் புரியாது. எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம் உண்டு. ரூமுக்குள்ள போயிட்டா நெருப்புங்கிற வார்த்தைய வாயில எடுக்கக்கூடாது. வெடிச்சுதுன்னு சொல்லக்கூடாது. பக்கத்து ஆபீஸ்ல எப்பேர்ப்பட்டது நடந்திருந்தாலும், ‘அங்கிட்டு ஒரு சத்தம் கேட்டுச்சாம்’, அவ்வளவுதான் பேச்சு. காலையில அடுப்புப் பத்த வைக்கலன்னு ஒரு பொம்பள சொல்ல வந்தாக்கூட, ‘வெளக்கு வைக்கல’ன்னுதான் சொல்லுவா. பேரச் சொன்னா அது வந்து நின்னுரும்னு நம்பிக்கை. எல்லா ஆபீஸ்லயும் இப்பிடியான்னு எனக்குத் தெரியாது. எங்க ஆபீஸ்ல இப்பிடி. அங்கன ஒரு சத்தமும் கேட்டதில்ல, அதையும் பாத்துக்கோங்க.

எம்மக விசயத்துல என்ன சத்தம், எப்பிடின்னு நான் சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில பிழைக்க வச்சுக் குடுத்தாங்க. அது போதும்.

பெறகுதான் இந்த டாக்டர்ட்ட வந்தோம். இவங்க எங்கள உக்கார வச்சு நிதானமாப் பேசினாங்க. ஆபத்தான சாமான எல்லாம் கைக்கு எட்டாம வைங்க. மாத்திரைய நீங்களே கையில எடுத்துக் குடுங்க, முழுங்குற வரைக்கும் நில்லுங்க. அப்புறம் மூணாவதா ஒண்ணு. ‘அவகிட்ட நேராக் கேளுங்க. அந்த எண்ணம் வருதான்னு, அந்த வார்த்தையச் சொல்லியே கேளுங்க’ன்னாங்க. நான் தலைய ஆட்டிக்கிட்டேன்.

முதல் ரெண்டையும் நான் செஞ்ச மாதிரி இந்த ஜில்லாவுல ஒருத்தரும் செஞ்சிருக்க மாட்டாங்க. சொல்றேன், கேட்டுக்கோங்க, உங்களுக்கு உதவும்.

முதல்ல கதவு. பயர் ஆபீஸ்ல ரூம் கதவு வெளிப்பக்கமாத்தான் தெறக்கணும், உள்ள தாழ்ப்பாளே இருக்கக்கூடாது. வீட்டுலயும் அப்பிடியே பண்ணிட்டேன். ஆசாரிய வச்சு எல்லாக் கதவையும் கழட்டித் திருப்பி மாட்டினேன். ஆசாரி என்னண்ணே வாஸ்துவான்னான். ஆமான்னேன். கொடிக்கயிறு எல்லாம் அவுத்தாச்சு, ஈரத்துணி அதுக்கப்புறம் மதில் மேலதான். ஃபேன் எல்லாம் இறக்கியாச்சு. எங்க ஊரு வெயிலு உங்களுக்குத் தெரியுமா? ஒரு ஓலை விசிறி வாங்கிக் குடுத்தேன். கத்தி, அருவாமனை எல்லாம் பீரோவுக்குள்ள. சாவி என் இடுப்புல. எம்பொண்டாட்டி கலா காய் நறுக்கப் பக்கத்து வீட்டுக்குப் போவா. அவங்க வீடு பூட்டியிருந்தா அன்னைக்குக் கீரை. கீரைய ஆஞ்சாப் போதும், கத்தி வேண்டாம் பாருங்க. கீரை கண்ணுக்கு நல்லதும்பாங்க. அப்ப நாங்க தின்ன கீரைக்கு எங்க தெருவுலயே கண்ணாடி போட்டவங்க இருக்கக்கூடாது.

ஹால் மூலையில ஒரு மணல் வாளி வச்சேன். ‘அதுக்கும் இவளுக்கும் என்னங்க சம்பந்தம்’னு கலா கேட்டா. சம்பந்தம் இல்லதான். மணல் வாளி இல்லாத எடத்துல எனக்கு மூச்சு வராது. தினமும் காலையில அந்த வாளியத் தொட்டுப் பாத்துட்டுத்தான் என் சோலிய ஆரம்பிப்பேன்.

அப்புறம் ஆள் கணக்கு. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல நிக்கக்கூடாது. சின்ன மச்சினன் குடும்பத்தோட பாக்க வந்தான். அவன் சம்சாரத்த வாசல்ல நிறுத்திட்டேன். ‘உள்ளருந்து ஒருத்தர் வெளிய வரட்டும், நீங்க போங்க’ன்னேன். அந்தம்மா செருப்ப மாட்டிக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கே போயிருச்சு. அதுலருந்து அவங்க யாரும் வர்றதில்ல. கூட்டம் கொறைஞ்சது ஒரு வகையில நல்லதுதான். ரூமுக்குள்ள நுழையிறதுக்கு முன்னால எங்க ஆளுங்க ஒரு செப்புத் தகட்டத் தொட்டுட்டுப் போவாங்க, உடம்புல இருக்கிற கரண்டு இறங்கிரும்னு. அத மட்டும் வீட்டுல வைக்கல. யோசிச்சேன். வைக்கல.

எம்மக கட்டில்ல படுத்துக்கிட்டு இதையெல்லாம் பாத்துக்கிட்டே இருப்பா. நான் மெத்தையத் தூக்கிப் பாக்கணும்னா எந்திரிச்சு நிப்பா, பாத்து முடிச்சதும் படுத்துக்குவா. நல்ல ஒத்துழைப்பு. ஒரு நாள் சொன்னா, ‘அப்பா, என்னையச் சரக்கு மாதிரி வச்சிருக்கீங்க.’ எனக்கு உச்சி குளுந்து போச்சு அண்ணாச்சி. சரக்க நாங்க எப்பிடி வச்சிருப்போம் தெரியுமா? வெயில் படாம, ஈரம் படாம, கை தவறிக் கீழ விழாம. கால் பட்டாத் தொட்டுக் கும்பிடுவோம். மனுசனுக்கு எங்க கிடைக்குது அந்த மரியாதை? அவ அதச் சொல்லிட்டுச் செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. மாத்திரை அசதியா இருந்திருக்கும்.

இந்த மூணாவது இருக்கே, அது மட்டும் செய்யல. வேணும்னுதான் செய்யல.

டாக்டரு படிச்சவங்க, இல்லங்கல. ‘கேட்டா புதுசா எண்ணம் வந்துராதுங்க. கேக்காம விட்டாத்தான் அது உள்ள தனியா உக்காந்திருக்கும். நீங்க கேட்டா, பேசுறதுக்கு ஒரு ஆள் இருக்குன்னு அவளுக்குத் தெரியும்’னு சொன்னாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மருந்து ரூம்ல போயி நின்னுக்கிட்டு நெருப்புன்னு ஒருத்தன் சொல்லுவானா? நான் சொல்லுவேனா? நம்ம அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல.

அதுக்காகக் கேக்காமலே இருந்தேன்னு இல்ல. கேப்பேன். சாப்பிட்டியாம்பேன். ‘ம்’ம்பா. காத்து வருதாம்பேன். வருதும்பா, ஃபேனே இல்லாத ரூம்ல. கலாவும் கேக்கல. அவ எங்கிட்டக் கேப்பா, ‘கேட்டீங்களா’ன்னு. நான் அவகிட்ட, ‘நீ தாயி, நீ கேக்குறதுதான் முறை’ம்பேன். இப்பிடியே எங்களுக்குள்ள முறை போயிக்கிட்டிருந்துச்சு.

இங்க வர்றப்ப எல்லாம் டாக்டர் கேப்பாங்க, ‘அப்பா, வீட்டுல கேக்குறீங்களா?’ன்னு. ‘கேக்குறோம் டாக்டர்.’ ‘என்ன சொல்றா?’ ‘இல்லங்கிறா டாக்டர்.’ பொய்தான். எங்க லைன்ல இதப் பொய்யின்னு சொல்ல மாட்டாங்க. இன்ஸ்பெக்சனுக்கு வர்றவரு கேள்விய முடிக்கிறதுக்கு முன்னால ‘எல்லாம் சரியா இருக்கு சார்’னு பதில் வந்துரணும். கொஞ்சம் இழுத்தாச் சந்தேகம் வந்துரும். அவங்களுக்கும் நேரம் மிச்சம், நமக்கும் மரியாதை மிச்சம். எம்மக பக்கத்துல உக்காந்து எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பா. காட்டிக் குடுக்கல. நல்ல பிள்ள.

வேலைக்கா? வேலைக்கு நான் போறதில்ல. பொங்கலுக்கு முன்னாடியே நின்னுட்டேன். மொதலாளி ரெண்டு தடவை ஆள் அனுப்பிச்சாரு. இங்க ஒரு ரூம் இருக்கு, அத விட்டுட்டு வர முடியாதுன்னு சொல்லி விட்டுட்டேன். பகல்ல அவளப் பாத்துக்கணும், ராத்திரியிலயும் அவ வாசல்ல செவத்துல சாஞ்சபடிதான். தூக்கம் அப்பிடி ஒண்ணும் தேவைப்படல. பசியும் கொறைஞ்சு போச்சு, கீரை ஒத்துக்கலையோ என்னமோ. இந்தச் சட்டையப் பாருங்க, போன வருசம் கரெக்டா இருந்துச்சு. தொவைக்கத் தொவைக்கப் பெருசாகுது. இப்பத்தித் துணியே அப்பிடித்தான்.

கலா இருந்து பாத்துக்குற நேரத்துல கொஞ்சம் வெளிய போயிட்டு வருவேன். எங்க ஊருக்கு மேக்க ஒரு கல்லுக் கிடங்கு இருக்கு, கல்லு எடுத்து எடுத்துப் பள்ளமாப் போனது. தண்ணி கிடக்கும். அந்த ஓரத்துல போயி நிப்பேன். அமைதியா இருக்கும். எதுக்குப் போறேன்னு எனக்கே தெரியாது. போவேன், நிப்பேன், வந்துருவேன். பைக்கக்கூட மச்சினனுக்குக் குடுத்துட்டேன். பெரிய மச்சினன், வர்றவன். எனக்கு எதுக்கு இனி வண்டி? கைக்கடியாரத்தையும் அவன் மகனுக்குக் கட்டி விட்டுட்டேன். சாமான் கொறைஞ்சா வீடு சுத்தமா இருக்கும் பாருங்க.

என்ன, அப்பிடிப் பாக்குறீங்க? உங்க பையன் அங்கதான் நிக்கிறான். நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். பங்குனி மாசம். வெயிலு கொளுத்துது. நான் மத்தியானச் சோதனையில இருக்கேன். அவ அலமாரியில துணிய ஒவ்வொண்ணா உதறிப் பாத்து மடிச்சு வச்சுக்கிட்டு இருக்கேன். இவ தரையில உக்காந்து விசிறிக்கிட்டு இருந்தா. விசிறிய நிறுத்திட்டுச் சொன்னா.

‘அப்பா, தேடாதீங்க. கேளுங்க.’

‘என்னத்தம்மா கேக்க?’

‘டாக்டர் கேக்கச் சொன்னத.’

நான் ஒரு தாவணிய மறுபடியும் உதறினேன். ஏற்கெனவே உதறினதுதான்.

‘செத்துப் போகணும்னு தோணுதான்னு கேளுங்கப்பா.’

சொல்லிட்டா. சாதாரணமா, உப்பு இருக்கான்னு கேக்குற மாதிரி. எனக்குக் காது அடைச்சுப் போச்சு. நான் கூரைய நிமுந்து பாத்தேன். இருந்துச்சு. செவத்தப் பாத்தேன். அதுவும் இருந்துச்சு. அடுப்படியில கலா கையில இருந்த தட்டு நழுவி விழுந்துச்சு, அந்த ஒரு சத்தந்தான்.

‘தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேன்’னேன்.

‘போகாதீங்க’ன்னா. ‘நீங்க இதக் கேக்கணும்னு நான் எவ்வளவு நாளாக் காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் டாக்டர்ட்டக் கேட்டேன்னு சொல்றீங்க. இன்னைக்குக் கேப்பீங்க இன்னைக்குக் கேப்பீங்கன்னு பாத்தேன். நீங்க மெத்தையக் கேக்குறீங்க. அலமாரியக் கேக்குறீங்க. என்னைய மட்டும் கேக்கல.’

கலா கதவுல வந்து நின்னா, ஈரக்கையோட. அவளும் எங்கிட்ட ‘கேளுங்க’ன்னு சைகை காட்டுறா. இதுல முறைப்படி யாரு கேக்கணும்னு பேசுறதுக்கு நேரமில்ல. நான் தாவணிய முகத்துக்கு நேரா வச்சுக்கிட்டுக் கேட்டேன். அந்த வார்த்தையச் சொல்லியே கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியல.

அவ உடனே சொல்லல. ரொம்ப நேரம் தரையப் பாத்துக்கிட்டிருந்தா. வாய் தெறக்கும், மூடிக்கும். அப்புறம் சொன்னா. ‘தோணுச்சுப்பா. போன வாரம் முழுக்கத் தோணுச்சு. இன்னைக்குக் கொஞ்சம் பரவாயில்ல.’ சொல்லிட்டு எந்திரிச்சு ஹாலுக்குப் போனா. மூலையில இருந்த மணல் வாளிக்குள்ள கைய விட்டு, அடியில இருந்து ஒரு பொட்டலத்த எடுத்து எங்கையில குடுத்தா. என்னன்னு கேக்காதீங்க. சேத்து வச்சிருந்தா. என்னோட வாளிக்குள்ள. நான் தினம் காலையில தொட்டுப் பாத்த வாளி.

அழுதேன் அண்ணாச்சி. எம்மகளக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அவ பொறந்தப்பக்கூட அப்பிடிப் பிடிச்சதில்ல, கைக்குழந்தைன்னா பயம் எனக்கு. அந்தப் பொட்டலத்த நானா எந்தக் காலத்துலயும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். அது எனக்குத் தெரியும்.

ஆனா வாளி வச்சது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். வாளி இல்லன்னா அவ வேற எங்கயாவது வச்சிருப்பா. வாளியில இருந்ததுனாலதானே அவ்வளவு சுலபமா எடுத்துக் குடுத்தா? மணலத்தான் மாத்தினேன்.

அன்னைக்கே போன் பண்ணி வரச் சொல்லி, இங்க வந்தோம். டாக்டர் மாத்திரைய மாத்தினாங்க. அவளோட தனியா ரொம்ப நேரம் பேசினாங்க. வாரா வாரம் வந்தோம், அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை. இப்பக் காலையில காப்பி குடிச்சதும் நான் கேப்பேன், அவ சொல்லுவா. சில நாளு இல்லம்பா. சில நாளு ‘லேசா வந்துச்சு, போயிருச்சு’ம்பா. ‘இன்னைக்கு என்கூடவே இருங்க’ன்னு சொன்ன நாளும் உண்டு. அன்னைக்குப் பூராம் நாங்க மூணு பேரும் தாயம் விளையாடினோம். சித்திரையில ஃபேன மாட்டிக் குடுத்துட்டேன், டாக்டரே மாட்டலாம்னுட்டாங்க. போன வாரம் விட்டுப்போன பரீட்சைய எழுதினா. தலை சீவிப் பூ வச்சுக்கிட்டுப் போனா.

எல்லாம் கட்டுப்பாட்டுல இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கொஞ்சம் இடைஞ்சல். அதையும் சொல்லிருறேன், கதவு இன்னும் தெறக்கல.

போன வெள்ளிக்கிழமை. நான் கேட்டேன், அவ இல்லன்னா. காப்பி டம்ளர எடுக்கப் போறேன், கையப் பிடிச்சு உக்கார வச்சுட்டா. ‘இப்ப நான் கேக்குறேன்ப்பா’ன்னா. எனக்குச் சிரிப்பு. கேளுன்னேன்.

‘உங்களுக்குச் செத்துப் போகணும்னு தோணுதா?’

‘இல்ல’ன்னேன். டக்குன்னு. அவ ‘தோணுதா’வ முடிக்கல, நான் சொல்லிட்டேன்.

அவ கைய விடல. ‘அப்பா, நான் பதில் சொல்றதுக்கு அன்னைக்கு எவ்வளவு நேரம் எடுத்துச்சு? நெஞ்சு வரைக்கும் வந்து வந்து நின்னுச்சு. நீங்க எப்பிடி ஒரே நொடியில சொல்றீங்க?’ன்னா.

‘அது அனுபவம்மா’ன்னேன்.

அவ சிரிக்கல. ‘மாமா உங்க பைக்க ஓட்டிக்கிட்டுப் போறாங்க. கல்லுக் கிடங்குப் பக்கம் உங்களப் பாத்தேன்னு பால்காரர் அம்மாகிட்டச் சொன்னாரு. அம்மா எங்கிட்டச் சொல்லி அழுதுச்சு’ன்னா. நான் சொன்னேன், அங்க காத்து நல்லா வரும்னு. அவ எழுந்திரிச்சுப் போயி எனக்குத் தோசை ஊத்தினா. பக்கத்துலயே நின்னா, நான் முழுங்குற வரைக்கும்.

பாத்தீங்களா, என் வேலைய அவ கத்துக்கிட்டா. அதுல எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனா இது வேண்டாத வேலை. எனக்கென்ன? நான் நல்லாத்தான் இருக்கேன். போர்மேனுக்கு ஒண்ணுன்னா ரூம யாரு பாக்குறது? அப்பிடி ஒரு பேச்சே எழக்கூடாது. இன்னைக்கு பஸ்ல வரும்போதும் சொன்னா, நீங்களும் உள்ள வாங்கன்னு. ‘உன் விசயம்மா, நீ பேசு, நான் வெளிய இருக்கேன்’னுட்டேன்.

அதெல்லாம் கிடக்கட்டும். நீங்க உங்க பையன்கிட்டக் கேட்டீங்களா? எது சொல்றேன்னு தெரியும்ல. கேக்கலையா. பயமா இருக்கா? இருக்கும். எனக்குப் புரட்டாசியில ஆரம்பிச்சுப் பங்குனி வரைக்கும் ஆச்சு. நீங்க அவ்வளவு இழுக்காதீங்க. கதவு, ஃபேனு எல்லாம் பையப் பாத்துக்கலாம், நான் ஆசாரி நம்பர்கூடத் தாரேன். முதல்ல அந்தப் பையன்ட்டப் போயி நில்லுங்க. வார்த்தையச் சொல்லியே கேளுங்க. கூரை இருக்கும், ஒண்ணும் ஆகாது. அவன் பதில் சொல்ற வரைக்கும் குறுக்க பேசாதீங்க, நேரம் எடுத்தா எடுக்கட்டும். டக்குன்னு இல்லன்னு சொன்னான்னு வைங்க, நம்பிறாதீங்க.

இந்தா, கதவு தெறந்துருச்சு. எம்மகதான். என்னம்மா, முடிஞ்சுதா? டாக்டர் என்ன சொன்னாங்க? நீ நல்லா இருக்கன்னு சொன்னாங்களா, நல்லது. வா, மூணு மணி வண்டியப் பிடிச்சுரலாம். இவரு திண்டுக்கல்காரரு, புதுசா வந்திருக்காரு, அவருக்குத்தான் நம்ம வீட்டு ஏற்பாட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

என்ன?

என்னையவா? என்னைய எதுக்கும்மா டாக்டர் கூப்பிடணும்? என்னத்தக் கேக்கணுமாம்?

அதத்தானா.

நீ சொன்னியா அவங்ககிட்ட? எல்லாத்தையுமா? கல்லுக் கிடங்கையுமா?

அண்ணாச்சி, இவ்வளவு நேரம் உங்கட்ட நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தேன்? நீங்களே சொல்லுங்க. உள்ள போயி இல்லன்னு சொல்லிட்டு வந்துரவா? ஒரு நிமிசம் ஆகாது.

கைய விடும்மா, நானே எந்திரிக்கிறேன். சரி. பிடிச்சுக்கோ.

என்ன சொல்றா கேட்டீங்களா? ‘அவசரமில்லப்பா. பைய யோசிச்சுச் சொல்லுங்க. நான் இங்கனயேதான் உக்காந்திருப்பேன்’ங்கிறா.

போயிட்டு வாரேன். கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, எம்மக உக்காரட்டும். எனக்கு நேரமாகும்.